காத்திருக்கத் தெரிந்த விளையாட்டுகள்

பாசிர் ரிஸ் எம்ஆர்டி நிலையம் 1989 டிசம்பர் 16ஆம் தேதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் பாய்’ கையடக்க விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. இரண்டும் என்னைவிட மூத்தவை. எனக்கு 19 வயது. ஆனாலும் அந்த ரயிலும் அந்தக் காலத்து விளையாட்டுகளும் இல்லாமல் என் வாரநாள்கள் நகர்வதில்லை.

கிழக்கு-மேற்கு ரயில் பாதையின் கிழக்கு முனையில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. காலையில் உட்கார இடம் கிடைக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்ல நான் டோவர் நிலையத்தில் இறங்க வேண்டும். ஒரு வழிக்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அருகில் இருப்பவர்களின் திறன்பேசிகளில் கார்கள் பறக்கும், துப்பாக்கிகள் வெடிக்கும். என் திரையில் மட்டும் கட்டம் கட்டமாக வரைந்த நான்கு குட்டி உருவங்கள் வரிசையாக நின்று, நான் என்ன கட்டளையிடப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

“உங்க அப்பா காலத்து கேம்டா இது. இதுல அப்படி என்ன இருக்கு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1980களிலும் 1990களிலும் வெளிவந்த ஜப்பானியக் கதாபாத்திர விளையாட்டுகளை, அதாவது ‘ஜேஆர்பிஜி’ விளையாட்டுகளை, அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்றும் நேசிப்பதில் வியப்பில்லை. அது அவர்களின் இளமைக்கால நினைவு. எனக்கு அப்படிப்பட்ட நினைவு எதுவும் கிடையாது. பிறகு ஏன் என்னைப் போன்ற இளையர்களும் அவற்றைத் தேடிப் போகிறோம்?

எனக்குத் தோன்றும் பதில் இதுதான்: அந்த விளையாட்டுகள் நமக்காகக் காத்திருக்கும். பிறகு, ஒருநாள் முடிந்துபோகும். இன்று நம் கையில் இருக்கும் விளையாட்டுகள் பலவற்றுக்கு இந்த இரண்டுமே தெரியாது.

எழுத்தை எண்ணிச் செலவிட்டவர்கள்

இந்த வகைக்கு அடித்தளம் போட்ட விளையாட்டு ‘டிராகன் குவெஸ்ட்’. 1986 மே 27ஆம் தேதி, நின்டெண்டோவின் ‘ஃபாமிகாம்’ கருவிக்காக வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் யூஜி ஹோரீ. அமெரிக்கக் கணினிகளில் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ போன்ற கதாபாத்திர விளையாட்டுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் விதிகள் அதிகம், கற்றுக்கொள்ள நாளாகும். அந்தச் சிக்கலை எல்லாம் குறைத்து, பள்ளிப் பிள்ளைகூட வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடும்படி ஹோரீ மாற்றினார். கதாபாத்திரங்களை வரைந்தவர் ‘டிராகன் பால்’ ஓவியர் அகிரா டோரியாமா. இசை கோய்ச்சி சுகியாமா.

அந்த முழு விளையாட்டும் 64 கிலோபைட் அளவுள்ள அட்டையில் அடங்கியிருந்தது. இன்று நாம் திறன்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாததால், ஜப்பானிய மொழியின் ‘கட்டக்கானா’ எழுத்துகளில் ஏறத்தாழ 20ஐ மட்டுமே அவர்கள் பயன்படுத்தினார்கள். அந்த எழுத்துகளுக்குள் அடங்கும்படி அரக்கர்களுக்கும் மந்திரங்களுக்கும் பெயர் வைக்க வேண்டியிருந்தது.

ஆட்டத்தைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. நிறுத்தும்போது திரையில் 20 எழுத்துகள் கொண்ட ஒரு ‘மந்திரம்’ தோன்றும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் பிழையில்லாமல் தட்டச்சு செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. ஓர் எழுத்து தப்பினால் உழைப்பு அத்தனையும் போச்சு!

இவ்வளவு குறைந்த இடத்தில் ஓர் உலகத்தை எப்படிக் காட்டுவது? ஒரு வீட்டையும் ஒரு கோட்டையையும் சில கட்டங்களால் குறித்துவிட்டு, மீதியை விளையாடுபவரின் கற்பனையிடம் விட்டுவிட்டார்கள். பாட்டி கதை சொல்லும்போது அரண்மனையின் படத்தைக் காட்டுவதில்லை. “ஒரு ஊர்ல ஒரு ராஜா” என்றாலே நமக்குள் ஓர் அரண்மனை எழும்பிவிடும். பழைய ஜேஆர்பிஜி செய்வதும் அதைத்தான். அன்றைய உயர்தர முப்பரிமாண வரைகலை இன்று பழசாகத் தெரிகிறது. நம் கற்பனை நிரப்பிய இடம் மட்டும் பழசாவதே இல்லை.

இசைக்கும் அதே கதைதான். ஃபாமிகாம் கருவியில் மெட்டு இசைக்க மூன்று குரல்களும், தாளத்துக்கு இரைச்சல் ஒலியும்தான் முக்கியமாகக் கைகொடுத்தன. அதற்குள் சுகியாமா எழுதிய இசையை 1987லேயே தோக்கியோவில் இசைக்குழு ஒன்று மேடையில் வாசித்தது. 2021 ஜூலை 23ஆம் தேதி தோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலக நாடுகளின் விளையாட்டாளர்கள் அணிவகுத்து நுழையத் தொடங்கியபோது முதலில் ஒலித்ததும் டிராகன் குவெஸ்டின் தொடக்க இசைதான். ‘ஃபைனல் ஃபேண்டசி’யின் வெற்றி முழக்கமும் ‘குரோனோ டிரிகர்’ இசையும் அதே அணிவகுப்பில் ஒலித்தன. அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. ஆனால் தொலைக்காட்சி முன்னால் இருந்த எத்தனை பேருக்கு நெஞ்சு விம்மியிருக்கும்!

இப்போது உன் முறை

இந்த விளையாட்டுகளில் சண்டை நடக்கும் விதத்தைப் பார்த்தால் தாயமோ சதுரங்கமோ ஆடும் ஞாபகம் வரும். ஆளுக்கொரு முறை. எதிரி அடித்து முடித்ததும் நம் முறை. தாக்கலாமா, மருந்து கொடுக்கலாமா, ஓடிவிடலாமா? முடிவெடுக்க ஐந்து விநாடி எடுத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிடமும் எடுத்துக்கொள்ளலாம். பல விளையாட்டுகள் எதுவும் சொல்லாமல் நமக்காக அப்படியே நிற்கும்.

தானா மேராவில் கூட்டம் ஏறும்போது திறன்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முதியவருக்கு இடம்விட முடிகிறது. வீட்டில் அம்மா கூப்பிட்டால் “இதோ வர்றேம்மா, ஆட்டம் நடுவுல இருக்கு” என்று சொல்ல வேண்டியதில்லை. மறுமுனையில் எனக்காகக் கத்திக்கொண்டிருக்கும் குழுவினர் யாரும் இல்லை. கைவேகம் இல்லாத என்னைப் போன்றவர்களும் யோசித்து வெல்லலாம்.

சிங்கப்பூரில் நம் நாள் முழுவதும் நேரக் கணக்கில்தான் ஓடுகிறது. பேருந்து வர இத்தனை நிமிடம், ஒப்படைப்புக்கு இத்தனை மணி, தேர்வுக்கு இத்தனை நாள். அதற்கு நடுவே ‘நீ யோசி, நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் ஒன்று கிடைப்பது சிறிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

மாமாவின் நினைவட்டை

காத்திருப்பது என்றால் எத்தனை நாள் காத்திருக்கும்? அதற்கான பதில் எனக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது.

தீபாவளிக்கு முன்பு பாட்டி வீட்டைச் சுத்தம் செய்தபோது, பரண்மேல் இருந்த ஒரு பெட்டியில் மாமாவின் பழைய ‘பிளேஸ்டேஷன்’ கிடைத்தது. கூடவே ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ விளையாட்டின் மூன்று வட்டுகளும், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய நினைவட்டை ஒன்றும் இருந்தன. ஹிரோனொபு சகாகுச்சி 1987இல் தொடங்கிய தொடரின் ஏழாம் பாகம் அது. 1997 ஜனவரியில் ஜப்பானில் வெளிவந்து, ஜப்பானுக்கு வெளியே ஏராளமானோருக்கு இந்த வகையை அறிமுகப்படுத்திய விளையாட்டு.

மாமா அதை முடிக்கவே இல்லையாம். 1999இல் தேசிய சேவைக்குப் போவதற்கு முதல் நாள் இரவு, கடைசி எதிரி இருக்கும் குகைக்குள் சேமித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். மறுநாள் தெக்கோங் தீவு. பிறகு வேலை, திருமணம், பிள்ளைகள்.

மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைத் தொலைக்காட்சியில் செருகி, அட்டையைப் போட்டு இயக்கினோம். சேமிப்பு அப்படியே இருந்தது! இதற்குக் காரணம் மாயமில்லை, மின்னணுவியல்தான். பிளேஸ்டேஷன் அட்டை 128 கிலோபைட் கொண்ட ஃபிளாஷ் நினைவகம், மின்சாரம் இல்லாமலே தகவலைப் பிடித்து வைத்திருக்கும். பழைய கேம் பாய் ‘போக்கிமான்’ அட்டைகளில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், 1990களில் வளர்த்த ‘பிக்காச்சு’வும் அதோடு போய்விடும். வீட்டில் அப்படி ஓர் அட்டை இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

“பாருடா, எல்லாரும் அப்படியே நிக்கிறாங்க,” என்றார் மாமா. அதற்குமேல் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

“இது ஜப்பானியப் பதிப்பா மாமா?” என்று கேட்டேன்.

“இது இங்கிலீஷ்தான். இதுக்கு முந்தியெல்லாம் கடையில ஜப்பான் கேம்தான் கிடைக்கும். ஒரு எழுத்தும் புரியாது. மூணாவது வரி மருந்து, நாலாவது வரி ஓடுறதுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்போம்.”

மூன்று சனிக்கிழமை மாலைகள் எடுத்தன. எந்த விசை எதற்கு என்று அவருக்கு மறந்திருந்தது. விரல்களுக்கு மறக்கவில்லை. கடைசி எதிரி விழுந்து, உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், “சரி, முடிச்சாச்சு,” என்று சொல்லிவிட்டு வட்டைத் துடைத்து உறையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்தின் பக்கம் போனால், தலைமுடி மழித்த இளையர்கள் பெரிய பைகளோடு நிற்பதைப் பார்க்கலாம். தெக்கோங் படகைப் பிடிக்கப் போகிறவர்கள். படிப்பு முடிந்ததும் நானும் அந்த வரிசையில் நிற்பேன். அந்த இரண்டு ஆண்டுகளில் எதெல்லாம் எனக்காகக் காத்திருக்கும், எதெல்லாம் காத்திருக்காது என்று இப்போது அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

முடிவே இல்லாத விளையாட்டுகள்

இன்று திறன்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பல விளையாட்டுகள் காத்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துபோகும். இந்த வாரத்துக்குள் இந்தக் கதாபாத்திரத்தைப் பெறாவிட்டால் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. அந்தக் கதாபாத்திரமும் குலுக்கலில்தான் கிடைக்கும். ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரை வைத்து இதைக் ‘காச்சா’ என்பார்கள். மிக அரிய கதாபாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு, பல விளையாட்டுகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

இவற்றை நானும் விளையாடுகிறேன். ஓவியமும் இசையும் அருமையாக இருக்கும். ஆனால் அவை முடிவதில்லை. முடிந்தால் வருமானம் நின்றுவிடும். அதனால் முடிவு தள்ளிக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் கணினிச் சேவையகம் நிறுத்தப்பட்டால், கதை மட்டுமன்றி விளையாட்டே இல்லாமல் போகும்.

இதற்கு ஃபைனல் ஃபேண்டசி தொடரிலேயே சான்று உண்டு. அந்தத் தொடரின் பெயரில் 2015இல் ஜப்பானில் திறன்பேசிகளுக்காக வந்த ‘மோபியஸ் ஃபைனல் ஃபேண்டசி’யின் சேவை 2020இல் முடிந்தது. அதில் சேர்த்தவை எதையும் இப்போது திறந்து பார்க்க முடியாது. அதைவிட 18 ஆண்டுகள் மூத்த ஏழாம் பாகமோ என் மாமாவின் வரவேற்பறையில் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடியது.

நேரம் வீணா?

என் அம்மாவின் கேள்வி வேறு: “இதெல்லாம் விளையாடி என்னப்பா கிடைக்கும்?”

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இந்த விளையாட்டுகள் நேரத்தை விழுங்கும். ஒன்றை முடிக்க 40 மணி நேரம் ஆவது சாதாரணம். ‘டிராகன் குவெஸ்ட் 3’ 1988 பிப்ரவரி 10ஆம் தேதி, ஒரு புதன்கிழமை வெளியானபோது, ஜப்பானியப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடைகளுக்கு முன்னால் நின்றார்கள். வாரநாளில் அந்த விளையாட்டை வெளியிடக்கூடாது என்று சட்டமே வந்ததாக ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அப்படி ஒரு சட்டமும் இல்லை. ஆனால் நான்காம் பாகம் 1990இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வெளியானது.

இன்னொரு குறையும் உண்டு. நான்கு அடி நடப்பதற்குள் ஓர் அரக்கன் வருவான். அவனை வென்று இன்னும் நான்கு அடி வைத்தால் அடுத்தவன். ஒரே சண்டையை நூறு முறை செய்து ‘லெவல்’ ஏற்ற வேண்டும். ‘விடாமுயற்சிக்குப் பரிசு நிச்சயம் என்று இவை கற்றுத் தருகின்றன’ என்று சிலர் புகழ்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்க்கையில் நூறு முறை பயிற்சி செய்தாலும் ‘லெவல்’ ஏறும் என்று யாரும் உறுதி தருவதில்லை. சாதாரண நிலைத் தேர்வு எழுதிய எவருக்கும் அது தெரியும்.

இந்த விளையாட்டுகளில் சிறந்தவற்றுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஃபைனல் ஃபேண்டசி 7இன் முதல் வட்டு முடியும் இடத்தில், நம் குழுவில் இருக்கும் ஏரித் என்னும் பெண் கொல்லப்படுகிறாள். அதுவரை சண்டையில் விழுந்தவர்களை எழுப்ப நம்மிடம் மருந்து இருந்தது. இப்போது அது உதவாது. அவளுக்காக ஏற்றிய ‘லெவல்’, பொறுக்கிச் சேர்த்த ஆற்றல்கள், செலவிட்ட மணிநேரங்கள் எதையும் விளையாட்டு திருப்பித் தராது. குழுவில் அவள் இடம் கடைசிவரை காலி. “அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்லடா,” என்று மாமா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு என் பதில், நல்ல நாவலோ படமோ தருவதுதான் கிடைக்கும். மதிப்பெண் கூடாது. ஆனால் இழப்பு எப்படி இருக்கும் என்பதை, யாரையும் இழக்காமலே, 19 வயதில் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

வாரிசுகள்

இந்த வகை அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை. டிராகன் குவெஸ்ட் 3, பழைய கட்ட உருவங்களைப் புதிய ஒளியமைப்போடு சேர்க்கும் ‘எச்டி-2டி’ பாணியில் 2024 நவம்பரில் மறுபிறவி எடுத்தது. அதை வரைந்த டோரியாமா அதே ஆண்டு மார்ச்சில் காலமாகியிருந்தார். 2025இல் பிரான்சின் சேண்ட்ஃபால் இன்டராக்டிவ் குழு, ஜப்பானிய முன்னோடிகளைப் பின்பற்றி ‘ஆளுக்கொரு முறை’ சண்டையோடு உருவாக்கிய ‘கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’, அவ்வாண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வு பெற்றது.

நம் ஊரிலும் ஒரு கிளை இருக்கிறது. ஜப்பானின் கோயெய் டெக்மோ நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து ‘தி ஜென்டில்புரோஸ்’ என்ற சிறு குழுவைத் தொடங்கினார்கள். அவர்களின் ‘கேட் குவெஸ்ட்’ 2017இல் வெளிவந்து, மூன்று பாகங்கள் வரை வளர்ந்திருக்கிறது. சண்டை முறை வேறு என்றாலும், உலக வரைபடத்தின் மேலேயே ஒரு பூனை வீரன் நடந்து போவதைப் பார்க்கும்போது, பழைய ஜேஆர்பிஜி வரைபடங்கள் நினைவுக்கு வரும்.

தமிழிலும் ஒரு நல்ல செய்தி. கனடாவின் டொரோண்டோவைச் சேர்ந்த விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் அங்கு குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. இது ஜேஆர்பிஜி அல்ல. ஆனால் அதே குணம் கொண்டது: அவசரப்படுத்தாது, ஒரு மாலைக்குள் முடிந்துவிடும், முடிந்த பிறகும் மனத்தில் இருக்கும். 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் ‘பாஃப்டா’ விருது அதற்குக் கிடைத்தது. இட்லியும் பிரியாணியும் அந்த மேடை வரை போக முடிந்திருக்கிறது என்றால், நம் தேக்காவையும் பாசிர் ரிஸ் சதுப்புநிலத்தையும் வைத்து ஒரு கதாபாத்திர விளையாட்டு ஏன் வரக்கூடாது? விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் மாணவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

தொடங்க விரும்பினால்

விடுமுறையில் ஒன்றை முயன்று பார்க்க விரும்புவோருக்கு என் பரிந்துரை, 1995இல் வந்த ‘குரோனோ டிரிகர்’. ஹோரீ, சகாகுச்சி, டோரியாமா மூவரும் சேர்ந்து பணியாற்றிய விளையாட்டு அது. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் கதை. மற்றவற்றைவிடச் சுருக்கமானது, 20 மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடலாம். நாம் எடுக்கும் முடிவுகளுக்கு ஏற்பப் பல முடிவுகள் உண்டு. திறன்பேசியிலும் கிடைக்கிறது. ஒருமுறை காசு கொடுத்தால் போதும், குலுக்கல் கிடையாது. ஃபைனல் ஃபேண்டசியின் முதல் ஆறு பாகங்களும் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்ற பெயரில் அதேபோல் கிடைக்கின்றன.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு வந்தால் சேமித்துவிட்டு நிறுத்துங்கள். நீங்கள் வரவில்லையே என்று அது அறிவிப்பு அனுப்பாது, எதையும் பறித்துக்கொள்ளாது. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும், உங்கள் நான்கு பேரும் விட்ட இடத்திலேயே வரிசையாக நிற்பார்கள்.